ஷாரெத் 49: அடுப்பங்கரைக்கு இந்த ரம் போதுமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் மாட்டு வண்டிப் படம் போட்ட ஷாரெத் வெள்ளை ரம் இல்லாத மளிகைக்கடையைக் காண்பது அரிது. மொலாசஸிலிருந்து, அதாவது சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கரும்புப் பாகிலிருந்து வடித்த சரக்கு, 49 டிகிரி: நூற்றில் 49 பங்கு சாராயம். சமையலுக்கு இதைவிடக் கடுமையான 90 டிகிரிச் சாராயம் வேண்டும் என்று தேடி அலைகிறவர்கள் முதலில் இதையே முயன்று பார்க்கலாம். பத்துக்கு எட்டு வேலைக்கு இது போதும். சில வேலைக்கு 90 டிகிரியைவிட இதுதான் மேல்.

வனிலா எசன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 250 மில்லி ரம்முக்கு 25 கிராம் காய், அதாவது எட்டு ஒன்பது காய். நீளவாக்கில் கீறி, இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக்கிக் கண்ணாடிப் போத்தலில் போட்டு, வெளிச்சம் படாமல் எட்டு வாரம் வையுங்கள். வாரம் ஒருமுறை குலுக்கினால் போதும். காயில் இருக்கும் வாசனையில் ஒரு பங்கு சாராயத்தில் கரையும், ஒரு பங்கு தண்ணீரில் கரையும். 49 டிகிரியில் பாதிக்கு மேல் தண்ணீர் இருப்பதால் இரண்டும் இறங்குகின்றன, காயும் மெத்தென்றே இருக்கிறது. அதையே 90 டிகிரியில் ஊறப்போட்டால் காயின் ஈரம் உறிஞ்சப்பட்டுச் சுள்ளி போல விறைத்துவிடும். வாசனையும் ஒற்றையாக, காரமாக நிற்கும்.

ஒரு குறை: மொலாசஸ் நெடி. பாயசத்தில், கேக்கில் அது இனிமையாகவே சேர்ந்துகொள்ளும். ஏலக்காய், ஜாதிபத்திரி போன்ற மென்மையான வாசனைகளை மூடிவிடும். அவற்றுக்கு வாசனையற்ற வோட்கா நல்லது.

சோமாசி மாவுக்கும் ரம் நல்ல துணை. 250 கிராம் மைதா, 30 கிராம் நெய், 60 மில்லி தண்ணீர், 40 மில்லி ரம். சாராயத்தில் மாவின் பசைத்தன்மை உருவாகாது. அதனால் தேய்க்கும்போது மாவு சுருங்கி இழுக்காது, பொரித்ததும் மொறுமொறுவென்று இருக்கும். ரம்மை இதற்கு மேல் கூட்டினால் ஓரம் ஒட்டாமல் பூரணம் எண்ணெயில் சிதறும்.

ஷாரெத் தோற்கும் இடம் கொம்பாவா என்னும் சொரசொரப்பான எலுமிச்சை வகையின் தோல். தோலின் எண்ணெயை முழுதாக இழுக்க 90 டிகிரி வேண்டும். ஆறு பழத்தின் பச்சைத் தோலை மட்டும், வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவி, 250 மில்லியில் மூன்று நாள் வையுங்கள். தோல் வெளுத்து, வளைத்தால் படக்கென்று ஒடிந்தால் வேலை முடிந்தது. ருகாய் என்னும் காரத் தொடுகறிக்குக் கால் தேக்கரண்டியே அதிகம். தண்ணீர் விட்டு இளக்கினால் பால் போலக் கலங்கும். அது கெட்டதல்ல, எண்ணெய் பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான்.

அந்த 90 டிகிரியை வாங்குவதில்தான் கவனம் வேண்டும். மருந்துக்கடையில் சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது ‘அல்கோல் மொதிஃபியே’. காயம் துடைக்க, கற்பூரம் கலந்தது, சமையலுக்கு ஆகாது. உணவுக்கானது என்று சீட்டில் எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்கள். அடுப்பெரிக்க விற்கும் சாராயத்தில் மெத்தனால் இருக்கும், அது கண்ணைக் கெடுக்கும், உயிரையும் எடுக்கும். பிரான்சிலிருந்து வருகிறவரிடம் சொல்லிவிடவும் வழியில்லை: 70 டிகிரிக்கு மேற்பட்டதை விமானத்தில் பெட்டியிலும் வைக்கக்கூடாது, கையிலும் கொண்டுவரக்கூடாது.

வாழைப்பழம் ஃப்ளாம்பேக்கு, அதாவது மேலே சாராயம் ஊற்றிக் கொளுத்துவதற்கு, 90 டிகிரியை நினைக்கவே வேண்டாம். ஷாரெத்தே ஏறத்தாழ 25 டிகிரி வெப்பத்தில் பற்றும் ஆவியை விடுகிறது. இங்கே கோடையான ஜனவரியில் கடலோரச் சமையலறை அதைவிடச் சூடு. நாலு பழத்துக்கு 50 மில்லியைச் சின்னக் கரண்டியில் அளந்து, போத்தலை மூடித் தள்ளி வைத்து, புகை உறிஞ்சும் விசிறியை நிறுத்திவிட்டு, வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி ஊற்றி, நீளத் தீக்குச்சியால் பற்றவையுங்கள். பகலில் அந்தச் சுடர் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கை நீட்டுமுன் மூடி போடுங்கள். பற்றவில்லை என்றால் பாகு அதிகமாகி ரம் நீர்த்திருக்கும், மேலும் ஊற்றாதீர்கள்.

எரிந்தால் சாராயம் போய்விடும் என்பது தவறு. ஃப்ளாம்பேயில் முக்கால் பங்கு தங்கும், ஒரு மணி நேரம் கொதித்தாலும் கால் பங்கு தங்கும். குழந்தைகள் சாப்பிடும் பண்டத்துக்கும், காவடிக்கோ தீமிதிக்கோ விரதம் இருக்கும் வீட்டுக்கும் ரம்மும் வேண்டாம், இந்தச் சாராய எசன்ஸும் வேண்டாம். அதற்குப் பதில் வனிலாக் காயைக் கீறி விதையை வழித்துச் சூடான பாலில் பத்து நிமிடம் போட்டு வையுங்கள்.