14 அடி கேட்டேன், 10 அடி தந்தார்கள்

மாட்டுங்காவில் என் அம்மா பகல்தூக்கம் போடும் நேரத்தில்தான் மும்பைக் கடலில் வடமேற்குக் காற்று வலுக்கும். அதை முதுகில் வாங்கி, நின்றபடியே துடுப்புப் போட்டு அலையோடு ஓடலாமென்று துடுப்புப் பலகை (ஸ்டாண்ட்-அப் பேடில்) ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். இந்த ஓட்டத்துக்கு 12 முதல் 14 அடி நீளம் தோது. கொடுத்ததோ காற்றடைத்த 10 அடிப் பலகை. நடுவில் தூளி போலத் தொய்ந்தது. அலை பலகையின் பின்பக்கத்தைத் தூக்கும்போது நான்கு இழுப்பு வேகமாகப் போட்டு, சற்றுப் பின்னே நகர வேண்டும்; தவறினால் பலகையின் முன்முனை நீரில் குத்தும். குத்தியது, மூன்று முறை. பலகையைக் காலோடு பிணைக்கும் கணுக்கால் கயிறு மட்டும் உறுதி. அதுவும் இல்லையென்றால் பலகையைக் காற்று கொண்டுபோயிருக்கும். பயிற்றுநர் பொறுமைசாலி, தமிழும் பேசினார். பலகையை மாற்றினால் மறுபடியும் போவேன். உப்பைக் கழுவ ஒரே ஒரு வாளித் தண்ணீர். அதற்கும் தனிக் காசு.