வாங்கியது வரவா, கடனா? வீட்டுக் கணக்குக்கு மூன்று மென்பொருள்கள்

வீட்டுக் கணினியில் வரவு செலவு எழுத எந்த மென்பொருள் நல்லது என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் வீட்டில் மொய் நோட்டு இருக்கிறதா?

மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் சொந்தபந்தம் உள்ளவர்கள் இதற்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மொய் நோட்டு இருக்கும் வீட்டில் பெரும்பாலும் ஏலச்சீட்டு ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், நகைக்கடனும் ஒன்று நிற்கும். மாதச் சம்பளம், மளிகை, மின்கட்டணம் இவற்றை எந்த மென்பொருளிலும் எழுதிவிடலாம். வாங்கியும் நம்முடையது ஆகாத பணம், கொடுத்தும் கைவிட்டுப் போகாத பணம், இவற்றை எங்கே எழுதுவது என்பதில்தான் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

நான் ஒப்பிடுவது மூன்றை: லிப்ரே ஆபிஸில் உள்ள கால்க் என்னும் விரிதாள், ஹோம்பேங்க், க்னூகேஷ். மூன்றும் இலவசம், மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஹோம்பேங்க் 1995இல் அமிகா கணினிக்காக எழுதத் தொடங்கப்பட்டது. க்னூகேஷின் முதல் நிலைத்த பதிப்பு 1998இல் வந்தது. இரண்டுமே கால் நூற்றாண்டைத் தாண்டியவை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். வீட்டுக் கணக்கு என்பது இருபது வருடம் கழித்தும் திறந்து பார்க்க வேண்டிய பொருள். மைக்ரோசாஃப்ட் மணி என்ற வீட்டுக் கணக்கு மென்பொருளை ஒரு காலத்தில் பலர் பயன்படுத்தினார்கள். 2009இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டார்கள். அதில் எழுதிக்கொண்டிருந்தவர்கள் கணக்கை வேறிடத்துக்குத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று.

டேலி என்னும் வணிகக் கணக்கு மென்பொருளைப் பற்றியும் கேட்கிறார்கள். கீழமாசி வீதி மொத்தக் கடைகளுக்கு அது பொருத்தம். சரக்கிருப்பு, ஜிஎஸ்டி என்று அது செய்யும் வேலையில் முக்கால்வாசி வீட்டுக்குத் தேவையில்லை. உரிமக் கட்டணமும் உண்டு. அதை விட்டுவிடுகிறேன்.

மளிகையும் பெட்ரோலும்

அன்றாடச் செலவில் ஹோம்பேங்கை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. கடையின் பெயரில் முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் மீதியைத் தானே காட்டுகிறது. தமிழிலேயே தட்டலாம். எங்கள் வீட்டில் இருப்பது 4 ஜிபி நினைவகம் கொண்ட பழைய கணினி. அதிலும் சட்டென்று திறந்துகொள்கிறது. வகைவாரியாக மாதத் திட்டம் போட்டு, எதில் மிஞ்சியது எதில் மீறியது என்று பார்க்கலாம். இருசக்கர வாகனத்துக்குப் பெட்ரோல் போடும்போது கிலோமீட்டரையும் லிட்டரையும் குறிப்பில் எழுதி வைத்தால் வண்டிச் செலவை மைலேஜோடு அறிக்கையாகத் தருகிறது. வண்டி வழக்கத்தைவிட அதிகம் பெட்ரோல் குடிப்பதை என் கணவர் அதில்தான் கண்டுபிடித்தார்.

கால்க்கில் இதையெல்லாம் நாமே கட்ட வேண்டும். கட்டத் தெரிந்தவர்களுக்கு அது ஒரு சுகம், நான் மறுக்கவில்லை. தேதி, விவரம், வகை, தொகை என்று நான்கு பத்தி. வகைவாரியாகக் கூட்ட ஒரு சூத்திரம் போதும். ஆனால் கால்க்கில் நேரும் தவறு சத்தமில்லாமல் நேரும். ஒரு மாதம் என் கூட்டுத்தொகையில் 3,480 ரூபாய் குறைந்தது. மூன்று இரவு தேடினேன். வங்கி ஒன்றின் இணையதளத்தில் இறக்கிய பட்டியலில் இரண்டு தொகைகள் எண்ணாக இல்லாமல் எழுத்தாக வந்திருந்தன. பார்வைக்கு எண்தான். கூட்டல் சூத்திரம் எழுத்தைக் கணக்கில் எடுக்காது, பிழை என்றும் சொல்லாது. அந்த இரண்டும் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டி நின்றன, மற்றவை எல்லாம் வலப்பக்கம். அதற்குப் பிறகு எந்தப் பட்டியலைத் திறந்தாலும் என் கண் முதலில் போவது இடப்பக்கம்தான்.

க்னூகேஷில் மளிகைச் செலவை எழுதுவது தொடக்கத்தில் சலிப்பாக இருக்கும். ஒவ்வொரு பதிவிலும் பணம் எங்கிருந்து எங்கே போனது என்று இரண்டு முனையையும் சொல்ல வேண்டும். இரட்டைப் பதிவு முறை என்பது அதுதான். பதினைந்து நாளில் கை பழகிவிடும். ஆனால் அந்தப் பதினைந்து நாளில் பலர் விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

மொய்

மகளின் காதணி விழா முடிந்த மறுநாள், வந்த மொய் 2,86,500 ரூபாயை ஹோம்பேங்கில் அந்த மாத வரவாகத்தான் எழுதினேன். வரைபடத்தில் அந்த மாதம் கோபுரம் போல உயர்ந்து நின்றது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் கேட்டார்: “ஏன் தாயி, வாங்கியதை வரவு என்று எழுதினால், திருப்பிச் செய்ய வேண்டியது யார் கணக்கில் நிற்கும்?”

அவர் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். அவர் கேட்டது கணக்கியலின் அடிப்படைக் கேள்வி. செய்முறையாக வந்த பணம் கடன். அவரவர் வீட்டு விசேஷத்தில் பழைய மொய்யைத் திருப்பி, அதன் மேல் புது மொய் வைக்க வேண்டும். மேலே வைக்கும் அந்தப் புது மொய் நமக்கு வர வேண்டியதாகிவிடும்.

க்னூகேஷில் கணக்குகள் ஐந்து வகை: சொத்து, பொறுப்பு (கடன்), முதல் (மூலதனம்), வருமானம், செலவு. பொறுப்பின் கீழ் ‘தர வேண்டிய மொய்’ என்றும், சொத்தின் கீழ் ‘வர வேண்டிய மொய்’ என்றும் இரண்டு கணக்குகளைத் திறந்தேன். ஒருவர் 1,000 வைத்திருந்தார், நாங்கள் 1,500 திருப்பிச் செய்கிறோம் என்றால், ஒரே பதிவை மூன்று வரியாகப் பிரிக்கலாம். கையிருப்பிலிருந்து 1,500 போகிறது. 1,000 தர வேண்டியதைக் குறைக்கிறது. 500 வர வேண்டியதில் ஏறுகிறது. எந்த வரியும் செலவு என்ற தலைப்பைத் தொடவில்லை. மாமியாரின் நோட்டில் சிவப்பு மையில் ‘பழசு’, நீல மையில் ‘புதுசு’ என்று இருப்பதும் இதேதான்.

ஹோம்பேங்கில் இது முடியாது என்று சொன்னால் அநியாயம். அதிலும் கடன் கணக்கு என்று ஒரு வகை உண்டு, கணக்குக்குக் கணக்கு மாற்றும் வசதியும் உண்டு. ஆனால் அந்த 1,500ஐ நான் இரண்டு தனிப் பதிவுகளாக எழுத வேண்டியிருந்தது. ஒன்றை மறந்தால் அது நினைவூட்டாது. க்னூகேஷில் ஒரு முனையைச் சொல்லாமல் விட்டால் அந்தத் தொகை ‘இம்பேலன்ஸ்’ என்ற தனிக் கணக்கில் போய் நிற்கிறது. சரிசெய்யும் வரை அது கணக்குப் பட்டியலில் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதற்காகவே அதன் சலிப்பைப் பொறுத்துக்கொள்கிறேன்.

ஆனால் மொய்யில் இன்னொரு தேவை இருக்கிறது: யார், எந்த ஊர், எந்த விசேஷத்தில், எவ்வளவு. இருநூறு குடும்பங்களுக்கு இருநூறு துணைக் கணக்கு திறப்பது பைத்தியக்காரத்தனம். இங்கே கால்க்தான் ஜெயிக்கிறது. ஊர் வாரியாக வடிகட்டினால் செல்லம்பட்டிக்காரர்கள் மட்டும் வரிசையாக வந்து நிற்பார்கள். இப்போதெல்லாம் விசேஷ வீட்டிலேயே கணினியில் மொய் எழுதி அச்சுச் சீட்டுக் கொடுக்கிறார்கள். அந்தப் பட்டியலைக் கோப்பாகவே கேட்டு வாங்கிவிடுங்கள். பெயர்வாரிப் பட்டியல் கால்க்கில், மொத்தத் தொகை க்னூகேஷில். இரண்டும் பொருந்துகிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்கிறேன்.

சீட்டு

ஏலச்சீட்டை நம்மில் பலர் தவறாகவே எழுதுகிறோம். 20 பேர், மாதம் 5,000, ஒரு லட்சம் ரூபாய்ச் சீட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் ஏலத்தில் 20,000 தள்ளிப் போகிறது, அதாவது சீட்டை எடுப்பவர் 20,000ஐ விட்டுக்கொடுத்து 80,000 வாங்கிக்கொள்கிறார். சீட்டு நடத்துபவரின் கமிஷன் 5,000 போக மீதி 15,000ஐ இருபது பேருக்கும் பிரித்தால் தலைக்கு 750 கழிவு. நாம் கையிலிருந்து கட்டுவது 4,250. கமிஷனுக்குச் சட்ட உச்சவரம்பு உண்டு. 1982ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தில் 5 சதவீதமாக இருந்ததை 2019 திருத்தம் 7 ஆக்கியது.

இந்த 4,250ஐச் செலவு என்று எழுதினால் சீட்டு எடுக்கும் மாதம் 80,000 வரவாகிவிடும். இரண்டும் பொய். க்னூகேஷில் ‘சீட்டு’ என்ற சொத்துக் கணக்கில் மாதம் 5,000 ஏறும்: 4,250 வங்கியிலிருந்து, 750 சீட்டுக் கழிவு என்னும் வருமானத்திலிருந்து. ஆறாவது மாதம் கட்டியபோது அதில் 30,000 இருக்கும். அந்த மாதமே சீட்டை 20,000 தள்ளி எடுத்தால், கணக்கிலிருந்து ஒரு லட்சம் வெளியேறும்: 80,000 வங்கிக்கு, 20,000 தள்ளுச் செலவுக்கு. இப்போது அந்தக் கணக்கில் நிற்பது கழித்தல் 70,000. இன்னும் கட்ட வேண்டிய 14 தவணை பெருக்கல் 5,000 எவ்வளவு? அதே 70,000. முதன்முதலில் அந்த எண் தானாக வந்து நின்றபோது என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

நகைக்கடனும் இப்படித்தான், பொறுப்பில் ஒரு கணக்கு. நகையையே கிராம் கணக்கில் சொத்தாக வைக்கும் வசதியும் க்னூகேஷில் உண்டு. சவரனுக்கு 8 கிராம் என்று எடையைப் பதிந்துவிட்டு, விலையை அவ்வப்போது மாற்றினால் இன்றைய மதிப்புத் தெரியும். தெற்காவணி மூல வீதியில் விலை விசாரிக்கும்போதெல்லாம் நான் மாற்றுவதுண்டு. மற்ற இரண்டில் இதற்குக் கையால் பெருக்க வேண்டும்.

வங்கிப் பட்டியல், மின்தடை, பூட்டு

யுபிஐ வந்தபின் வங்கிப் பட்டியல் நீண்டுவிட்டது. டீக்கடை பத்து ரூபாயும் ஒரு வரி. இங்கே ஹோம்பேங்க் முந்துகிறது. விவரத்தில் இந்தச் சொல் வந்தால் இந்தக் கடை, இந்த வகை என்று விதி எழுதி வைக்கலாம். ஒரு தொல்லை: பட்டியல் அது எதிர்பார்க்கும் பத்தி வரிசையில் இருக்க வேண்டும். கால்க்கில் திருத்திவிட்டுத்தான் உள்ளே விட வேண்டியிருக்கிறது. க்னூகேஷில் எந்தப் பத்தி எது என்று திரையிலேயே காட்டி, அந்த அமைப்பைச் சேமித்துக்கொள்ளலாம். நாம் பொருத்துவதைப் பார்த்து அதுவும் கற்றுக்கொள்கிறது. ஆனால் யுபிஐ வரியில் நீளமான எண்கள் மாறி மாறி வருவதால் சில சமயம் தடுமாறுகிறது.

மின்தடைக்கு க்னூகேஷ் தயாராக இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தானே சேமிக்கும். பழைய பிரதிகளை முப்பது நாள் வைத்திருக்கும். சேமிக்கும் முன் மின்சாரம் போனாலும், நாம் எழுதுவதை உடனுக்குடன் குறித்து வைக்கும் பதிவேட்டுக் கோப்பிலிருந்து மீட்கலாம்.

பூட்டு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கிறேன். க்னூகேஷ் கோப்புக்கும் ஹோம்பேங்க் கோப்புக்கும் கடவுச்சொல் கிடையாது. கோப்பு கிடைத்தவர் யாரும் திறக்கலாம். கால்க் கோப்பைக் கடவுச்சொல் போட்டுச் சேமிக்கலாம். மணி மேனேஜர் எக்ஸ் என்ற இன்னொரு இலவச மென்பொருளில் பூட்டும் வசதி உண்டு. பிள்ளைகளும் உறவினர்களும் பயன்படுத்தும் கணினி என்றால் இதை அலட்சியப்படுத்தாதீர்கள். நான் எனக்கென்று தனிப் பயனர் கணக்கு வைத்திருக்கிறேன். பென்டிரைவில் எடுக்கும் பிரதியைப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறேன்.

என் தீர்ப்பு

சம்பளம், வாடகை, மளிகை, ஒரு வங்கிக் கணக்கு, இவ்வளவுதான் என்றால் ஹோம்பேங்க் போதும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன். சீட்டு, நகைக்கடன், கைமாற்று, மொய் என்று நாலாபுறமும் கொடுக்கல் வாங்கல் உள்ள குடும்பத்துக்கு க்னூகேஷ்தான். சந்தேகமே இல்லை. மொய்ப் பட்டியலுக்கு மட்டும் பக்கத்தில் கால்க் இருக்கட்டும்.

ஏப்ரல் 1 அன்று தொடங்குங்கள், வருமான வரிக் கணக்கோடு பொருந்தும். பழைய வருடங்களை எல்லாம் உள்ளே ஏற்ற வேண்டாம். அன்றைய கையிருப்பு, வங்கி இருப்பு, தர வேண்டியது, வர வேண்டியது, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிந்துவிடும். கடைசி இரண்டையும் எழுத உங்கள் வீட்டுப் பெரியவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு விடுபட்டிருந்த பதினேழு பெயர்களை மாமியார் நோட்டைப் பார்க்காமலே சொன்னார்.