பூங்காவில் நாய்க்குக் கயிறு: கவுன்சிலின் கருத்துக் கேட்பு எந்த அளவுக்குத் தேறும்?

பூங்காவில் நாயை எங்கே அவிழ்த்துவிடலாம், எங்கே கயிற்றில் பிடித்திருக்க வேண்டும், எங்கே கூட்டிக்கொண்டே போகக்கூடாது என்பதை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உள்ளூர் கவுன்சில்தான் முடிவு செய்கிறது. முடிவுக்கு முன் ஒரு படிவம் வைத்து ஊராரைக் கருத்துக் கேட்கிறது. நம் வரிப்பணத்தில் நடக்கும் சேவை இது. லண்டனில் ஹாரோ, பிரென்ட், நியூஹாம், மெர்ட்டன் பக்கம் வாழும் தமிழர்களில் நாய் வளர்ப்பவர்களும் உண்டு, நாயைக் கண்டால் எதிர்ப் பக்கம் போகும் அப்பா அம்மாக்களும் உண்டு. இரு தரப்பும் இந்தப் படிவத்தைத் திறப்பது குறைவு. திறந்தவர்களிலும் பலர் டிக் போட்டுவிட்டு மூடிவிடுகிறார்கள்.

முதலில் தீர்ப்பு. படிவத்தை நிரப்புவது சுலபம், பத்துப் பதினைந்து நிமிட வேலை. கேள்விகள் சுமார். வரைபடம் பெரும்பாலும் மோசம். உண்மையில் பயன்படும் பகுதி கடைசியில் ‘வேறு கருத்துகள்’ என்று இருக்கும் வெற்றுக் கட்டம். அதைத்தான் எல்லாரும் காலியாக விடுகிறார்கள். கவுன்சிலுக்குக் கவுன்சில் தரம் மாறும். இங்கே சொல்வது பொதுவாகக் காணும் வடிவத்தைப் பற்றி.

வெற்றுக் கட்டம் ஏன் முக்கியம் என்பது சட்டத்தில் இருக்கிறது. இப்படிப்பட்ட விதிகளைப் போடக் கவுன்சில் பிறப்பிக்கும் ஆணையின் பெயர் பொது இடப் பாதுகாப்பு ஆணை, சுருக்கமாக பி.எஸ்.பி.ஓ. 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம், காவல் பணிச் சட்டத்தின் கீழ் வருவது. அதன் 59ஆம் பிரிவுப்படி கவுன்சில் சில விஷயங்களில் நியாயமான அளவுக்குத் திருப்தி அடைந்திருக்க வேண்டும்: அந்த இடத்தில் நடக்கும் செயல் அக்கம்பக்கத்தாரின் வாழ்க்கையைக் கெடுக்கிறது அல்லது கெடுக்கக்கூடும், அந்தக் கேடு தொடர்ந்து நடப்பது, நியாயமற்றது, இத்தகைய கட்டுப்பாட்டை நியாயப்படுத்தும் அளவுக்குப் பெரியது. ஆக, இது வாக்கெடுப்பு கிடையாது. ‘ஆம்’ என்று எழுபது சதவீதம் பேர் சொன்னார்கள் என்பது மட்டும் ஆணைக்குப் போதாது. எந்த இடம், எந்த நேரம், என்ன கேடு, எத்தனை முறை என்ற விவரம் வேண்டும். அந்த விவரத்தை டிக் பெட்டியில் சொல்ல முடியாது.

படிவத்தோடு ஒரு கட்டு ஆவணமும் தருகிறார்கள்: வரைவு ஆணை, பூங்காக்களின் பட்டியல், வரைபடங்கள், ஆணை ஏன் தேவை என்ற அறிக்கை, சில இடங்களில் சமத்துவ மதிப்பீடு (முதியோர், ஊனமுற்றோர் போன்றோரை ஆணை எப்படிப் பாதிக்கும் என்ற கணிப்பு). படிவத்துக்கு முன் வரைவு ஆணையைப் படிப்பது நல்லது. படிவத்தில் ‘பொறுப்பற்ற நாய் உரிமையாளர்களைக் கட்டுப்படுத்துவதை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டிருப்பார்கள். யார்தான் இல்லை என்பார்? வரைவைப் புரட்டினால் அந்த ‘ஆம்’ ஐந்து தனித்தனி விதிகளுக்குச் சம்மதமாகிவிட்டது தெரியும்.

அந்த ஐந்தும் ஏறக்குறைய எல்லா ஊரிலும் ஒன்றே. நாய் மலத்தை அள்ள வேண்டும். வேலியிட்ட குழந்தைகள் விளையாட்டுப் பகுதிக்குள் நாய் வரக்கூடாது. குறித்த இடங்களில் எப்போதும் கயிறு. மற்ற இடங்களில், அதிகாரம் பெற்ற அலுவலர் சொன்னால் கயிறு. ஒருவர் ஒரே நேரத்தில் இத்தனை நாய்களுக்கு மேல் கூட்டிவரக்கூடாது; இது பெரும்பாலும் நான்கு அல்லது ஆறு.

முதல் இரண்டில் சண்டை குறைவு. மலம் அள்ளும் விதிக்கு ஒரு காரணம் மட்டும் சொல்லலாம்: டாக்ஸோகாரா என்ற நாய்க் குடற்புழுவின் முட்டை, மலத்தில் வெளிவந்த உடனே தொற்றாது, மண்ணில் சில வாரம் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வருகிறது. அன்றே அள்ளினால் ஆபத்து அங்கேயே முடிந்துவிடும். விட்டுப்போனது, கண்ணுக்குத் தெரியாமல் மக்கிய பிறகும் குழந்தையின் கைக்கு வரும். எனவே அள்ளும் விதி இருக்கிறதா என்பதை விட, குப்பைத் தொட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பற்றி எழுதுவது பயன் தரும்.

தகராறெல்லாம் கயிறு விதியில்தான். அதில் முதலில் பார்க்க வேண்டியது நீளம். வரைவில் ‘கயிற்றில் இருக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதிவிட்டால், நீண்டு சுருங்கும் வகைக் கயிறும் அதற்குள் அடங்கிவிடும். கடையில் 5 மீட்டர், 8 மீட்டர் என்று விற்பது அதுதான். எட்டு மீட்டர் தள்ளி ஓடும் நாய் குழந்தை வண்டியை நெருங்கிய பிறகு பிடிப்பூட்டை அழுத்தி என்ன பயன்? பல கவுன்சில்கள் ‘2 மீட்டருக்கு மிகாத’ என்று சேர்க்கின்றன. உங்கள் ஊர் வரைவில் நீளம் இல்லை என்றால் அதை எழுதுங்கள். நாய் வளர்ப்பவருக்கும் இது நல்லதே: நீளம் தெளிவாக இருந்தால், அலுவலர் நின்ற இடத்தில் மனம்போல் விளக்கம் சொல்ல முடியாது.

‘அலுவலர் சொன்னால் கயிறு’ என்ற விதி காகிதத்தில் நடுநிலையாகத் தெரியும். நாய் ஒழுங்காக இருந்தால் ஓடட்டும், தொல்லை கொடுத்தால் கட்டு. ஆனால் சொல்வதற்கு அலுவலர் அங்கே நிற்க வேண்டுமே. காலை ஏழு மணிக்கும் மாலை இருட்டும் நேரத்துக்கும் பூங்காவில் நாய்கள் அதிகம், அலுவலர் அபூர்வம். அலுவலர் இல்லாத இடத்தில் இந்த விதி இருந்தும் இல்லாததுதான். இதை ஆதரித்தாலும் எதிர்த்தாலும், எத்தனை அலுவலர், எந்த நேரத்தில் என்ற கேள்வியோடு எழுதுங்கள்.

இனி வரைபடம். இந்தச் சேவையில் மதிப்பெண் குறைவது இங்கேதான். பட்டியலில் பூங்காவின் பெயர், வரைபடத்தில் ஒரு சிவப்புக் கோடு; கைபேசியில் திறந்தால் கோடு எந்தப் பாதையைச் சுற்றுகிறது என்றே தெரியாது. பெரிய திரையில் திறந்து நான்கு விஷயம் பாருங்கள்.

விளையாட்டுப் பகுதிக்கு உண்மையில் வேலி இருக்கிறதா? வேலி இல்லாத ஊஞ்சல் திடலுக்கு ‘நாய் கூடாது’ என்று போட்டால் எல்லை எங்கே என்று யாருக்கும் தெரியாது. அபராதம் வந்தால் தகராறுதான். விளையாட்டு மைதானம் என்றால், ஆட்டம் நடக்கும்போது மட்டுமா, எப்போதுமா? ‘கோடு போட்ட ஆடுகளம்’ என்று எழுதியிருந்தால், குளிர்காலத்தில் கால்பந்துக் கோடு போட்ட இடமெல்லாம் அடிபட்டு, நாயை அவிழ்த்துவிட இருந்த ஒரே சமதளம் போய்விடும். கார் நிறுத்துமிடத்திலிருந்து அவிழ்த்துவிடும் பகுதிக்குப் போகும் பாதை எந்த விதியில் வருகிறது? கடைசியாக, அடுத்தடுத்த இரண்டு பூங்காக்களில் ஒன்றில் கயிறு, மற்றதில் இல்லை என்றால், கூட்டம் முழுவதும் கயிறில்லாத பக்கம் போய்க் குவியும். அங்கே இதுவரை இல்லாத புகார் அடுத்த ஆண்டு முளைக்கும்.

கடைசி விஷயத்துக்குச் சட்டத் துணையும் உண்டு. நாயின் இயல்பான தேவைகளைக் கவனிப்பது உரிமையாளரின் கடமை என்று 2006ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம் 9ஆம் பிரிவு சொல்கிறது. ஓட இடமில்லாமல் எல்லாப் பச்சையையும் மூடிவிட்டு அந்தக் கடமையைச் செய் என்று சொல்வது பொருந்தாது. எனவே கயிறு வேண்டும் என்பவரும் ‘எங்கும்’ என்று எழுதாமல் ‘இங்கே கயிறு, அங்கே வேலியிட்ட ஓட்டத்திடல்’ என்று எழுதினால் அது நிற்கும்.

வெற்றுக் கட்டத்தில் எப்படி எழுதுவது? ‘நாய்த் தொல்லை தாங்கவில்லை, தடை செய்யுங்கள்’ என்பது தொகுப்பறிக்கையில் ஒரு எண்ணிக்கையாகக் கரையும். ‘குளத்துப் பாதையில், தெற்கு வாசலுக்கும் பாலத்துக்கும் இடையே, பள்ளி விடும் நேரத்தில், கயிறில்லாத நாய்கள் குழந்தைகள் மேல் பாய்கின்றன, வாரத்தில் பல நாள், அந்தப் பாதைக்கு மட்டும் 2 மீட்டர் கயிறு போதும்’ என்பதை அதிகாரி தனியாக எடுத்து வைத்துப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். எதிர்ப்பவருக்கும் இதே அளவுகோல்: ‘நாய்களுக்கும் உரிமை உண்டு’ என்பதற்குப் பதில், ‘இந்த வடக்கு மேட்டில் என்ன புகார் வந்தது என்று அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை’ என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே சட்டமாக இருப்பதைக் கேட்டு இடத்தை வீணாக்காதீர்கள். எக்ஸ்.எல். புல்லி வகை நாய்க்குப் பொது இடத்தில் கயிறும் வாய்ப்பூட்டும் 2023 டிசம்பர் 31 முதல் கட்டாயம். உரிமையாளர் பெயரும் முகவரியும் உள்ள கழுத்துப்பட்டி 1992 ஆணைப்படி கட்டாயம். மைக்ரோசிப் இங்கிலாந்தில் 2016 ஏப்ரலிலிருந்து. ஆபத்தான முறையில் கட்டுமீறும் நாய் விஷயம் 1991ஆம் ஆண்டின் ஆபத்தான நாய்கள் சட்டத்தில் வரும். கடித்துவிட்டால் போக வேண்டிய இடம் காவல்துறை. ரிச்மண்ட் பார்க், புஷி பார்க் போன்ற அரச பூங்காக்களுக்குத் தனி விதிமுறைகள். கவுன்சில் படிவத்தில் அவற்றைப் பற்றி எழுதிப் பயனில்லை.

கால அவகாசத்தில் இந்தச் சேவை ஊருக்கு ஊர் மிகவும் மாறுகிறது. எத்தனை வாரம் கேட்க வேண்டும் என்று 2014 சட்டம் சொல்லவில்லை. நான்கு வாரத்தில் முடிப்பவர்களும் உண்டு, பன்னிரண்டு வாரம் தருபவர்களும் உண்டு. சட்டம் பெயர் சொல்லிக் கட்டாயமாக்குவது காவல்துறைத் தலைமை, உள்ளூர்க் காவல் அமைப்பு, கவுன்சில் பொருத்தமெனக் கருதும் சமூகப் பிரதிநிதிகள், நிலத்தின் உரிமையாளர் அல்லது அனுபவிப்பவர் ஆகியோரைத்தான். ஊர்ச் சங்கம், கோயில் நிர்வாகம், முதியோர் குழு எல்லாம் ‘சமூகப் பிரதிநிதி’ என்ற வரியில் நுழையலாம். சங்கத்தின் பெயரில் தனிக் கடிதம் கொடுப்பது அதனால்தான் நல்லது.

கேட்பது என்று இறங்கிவிட்டால் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்பதற்கு நீதிமன்ற அளவுகோல் இருக்கிறது. பிரென்ட் கவுன்சில் தொடர்பான 1985ஆம் ஆண்டின் கன்னிங் வழக்கில் வந்தவை: திட்டம் உருவாகும் கட்டத்திலேயே கேட்க வேண்டும், புரிந்து பதில் சொல்லப் போதிய காரணம் தர வேண்டும், போதிய நேரம் தர வேண்டும், வந்த பதில்களை மனசாட்சியோடு பரிசீலிக்க வேண்டும். ஹாரிங்கே கவுன்சில் மீதான மோஸ்லி வழக்கில் 2014இல் உச்ச நீதிமன்றமும் இவற்றை ஏற்றது. அந்த வழக்கு கவுன்சில் வரிச் சலுகை பற்றியது, நாய் பற்றியதல்ல, அளவுகோல் பொதுவானது.

அறிக்கையில் சான்று மெலிந்திருந்தால் தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள்: பழைய ஆணையில் எத்தனை அபராதச் சீட்டு, எந்தப் பூங்காவில், எந்த விதிக்கு. பதிலுக்கு 20 வேலை நாள், அதாவது முழுசாக நான்கு வாரம். ஆறு வாரக் கேட்பில் மூன்றாம் வாரம் கேட்டால் பதில் வரும்போது கதவு மூடியிருக்கும். முதல் இரண்டு நாளில் மின்னஞ்சல் போய்விட வேண்டும். மலத்துக்கு மட்டும் சில சீட்டு, கயிறுக்குச் சுழியம் என்று பதில் வந்தால், புதிய விதியை விடப் பழைய விதியை அமல்படுத்தவே ஆள் வேண்டும் என்று எழுத அது வலுவான ஆதாரம்.

ஆங்கிலம் படிக்காத பெரியவர்கள் விஷயத்தில் சேவை பலவீனம். இணையப் படிவம் ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதே வழக்கம். காகிதப் படிவம் நூலகத்தில் கேட்டால் கிடைக்கலாம். மொழி உதவியையும் எழுத்தில் கேட்டுவையுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின் 149ஆம் பிரிவு, பாகுபாடு நேராமல் பார்ப்பதையும் சம வாய்ப்பையும் கருத்தில் கொள்ள வேண்டும் என்று கவுன்சிலைக் கட்டும் என்பதால் அந்தக் கடிதம் கோப்பில் நிற்கும். பிள்ளைகள் பெற்றோருக்காக நிரப்பும்போது தனித் தனிப் படிவமாக அனுப்புங்கள். ஒரே வாசகத்தை ஐந்து பேர் ஒட்டினால் தொகுப்பவர் அதை ஒரு கருத்தாகவே எடுத்துக்கொள்வார்.

ஆணை வந்த பிறகு மீறினால், 2014 சட்டம் வைத்தபடி இடத்திலேயே தரும் அபராதச் சீட்டின் உச்சம் 100 பவுண்டு. நீதிமன்றம் போனால் 1,000 பவுண்டு வரை. சீட்டுத் தொகையை உயர்த்தும் மசோதா 2025இல் நாடாளுமன்றத்துக்கு வந்தது, எனவே வரைவில் உள்ள தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆணையையே எதிர்ப்பதென்றால் அங்கே வசிப்பவரோ வழக்கமாக வேலை செய்பவரோ வந்துபோகிறவரோ உயர் நீதிமன்றத்துக்கு ஆறு வாரத்துக்குள் போகலாம். செலவு அதிகம், கட்டத்தில் நான்கு வரி எழுதுவது இலவசம்.

ஆணையின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டு. நீட்டிக்கவும் மறுபடி கேட்க வேண்டும். பழைய நாய்க் கட்டுப்பாட்டு ஆணைகள் 2017 அக்டோபர் 20இல் பி.எஸ்.பி.ஓ.வாக மாறியதால், அந்தக் கணக்கிலேயே ஓடும் கவுன்சில்களுக்குச் சுற்று 2020, 2023, 2026 என்று வரும். உங்கள் ஊர் ஆணையின் முடிவுத் தேதி அதன் முதல் பக்கங்களிலேயே இருக்கும். அதற்கு ஆறு மாதம் முன்பிருந்து கவுன்சில் இணையதளத்தின் கருத்துக் கேட்புப் பக்கத்தை வாரம் ஒருமுறை பாருங்கள். பூங்கா வாசலில் ஒட்டும் அறிவிப்பு மழையில் கிழிந்துபோகும்.