இபுக் வாங்குறதுல விலைக் குழப்பம்: எட்டு வருஷ அனுபவம்

எட்டு வருஷமா இபுக் வாங்கிட்டிருக்கேன், லைப்ரரில முந்நூறுக்கு மேல சேர்ந்துடுச்சு. படிக்கிறதுல ஒரு குறையும் இல்ல, எழுத்த பெருசு பண்ணிக்கலாம், ராத்திரி லைட்டு போடாம படிக்கலாம். காசு கட்டுற இடத்துல தான் தலைவலி.

போன வருஷம் நடந்தத சொல்றேன். மூணு பாகமா வந்த ஒரு வரலாற்றுப் புத்தகம், ரொம்ப நாளா விஷ்லிஸ்ட்ல வச்சிருந்தேன், ஒரு நாள் காலைல ஆப்ப திறந்தா 60 சதவீதம் தள்ளுபடின்னு காட்டுது. மூணையும் வரிசையா அமுக்கிட்டேன். ஒரே க்ளிக்ல வாங்குற வசதி ஆன்ல இருந்ததால மொத்தம் எவ்வளவுன்னு காட்டுற பக்கமே வரல, மெயில்ல பில் வந்தப்புறம் தான் பாக்குறேன், மூணுக்கும் முழு விலை போட்டிருக்கான். நல்லவேளை, ஆப்ல அப்பவும் தள்ளுபடி விலை தான் நின்னுச்சு, உடனே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துட்டேன், மேல மணியும் தெளிவா தெரிஞ்சுது.

கடையோட கஸ்டமர் சர்வீஸ் சாட்ல போனேன். முதல் ஆள் "விலை அடிக்கடி மாறும்"னு எழுதி வச்சத அப்படியே ஒட்டினார். ரெண்டாவது ஆள் ஆப்ப அழிச்சுட்டு திரும்ப போடச் சொன்னார், காசு போனதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ரெண்டு தடவ குடுத்த ஆர்டர் நம்பரையே மூணாவது நாள் மெயில்ல திரும்பக் கேட்டாங்க. நாலாவதா வந்தவர் தான் நான் எழுதினத முழுசா படிச்சார். தள்ளுபடி அந்தக் கம்பெனி இருக்குற ஊரு நேரப்படி ராத்திரியே முடிஞ்சிருக்கு, என் ஆப்ல பழைய பக்கம் அப்படியே நின்னுருக்கு. வித்தியாசத்த திருப்பிப் போடுறேன்னார், கடை கிரெடிட்டா தான் வந்துச்சு, அதாவது அந்தக் கடையிலயே தான் செலவு பண்ண முடியும், கார்டுக்கே வேணும்னு ஒரு வரி எழுதினேன், அஞ்சு நாள்ல வந்துடுச்சு. அவருக்கு நன்றி சொல்லி தனியா மெயில் போட்டேன்.

அச்சுப் புத்தகத்த விட இபுக் விலை கூட இருக்கேன்னு நிறைய பேருக்கு கோவம் வரும். அதுக்கு கடைய மட்டும் திட்டி பிரயோஜனம் இல்ல. பெரிய பதிப்பகங்க பலதும் இபுக் விலைய தாங்களே வைக்குது, கடைக்கு கமிஷன் மட்டும் தான், அச்சுப் புத்தகத்துக்கு கடை இஷ்டப்படி தள்ளுபடி குடுக்கலாம். இந்த முறைய வச்சு கூட்டு சேர்ந்து விலைய ஏத்தினாங்கன்னு தான் 2012ல அமெரிக்க அரசு ஆப்பிள் மேலயும் அஞ்சு பதிப்பகங்க மேலயும் கேஸ் போட்டுச்சு, 2013ல ஆப்பிள் தப்பு பண்ணுச்சுன்னு தீர்ப்பும் வந்துச்சு. அதே மாதிரி போன் ஆப்ல வாங்கினா ஆப் ஸ்டோருக்கு 30 சதவீதம் வரைக்கும் போகலாம், அதனால ஒரே புத்தகத்துக்கு ஆப்ல ஒரு விலை வெப்சைட்ல ஒரு விலைன்னு இருக்கும். அக்கவுண்ட்ல எந்த நாடு போட்டிருக்கோமோ அதுக்கேத்தாப்லயும் விலை மாறும், வரியும் மாறும்.

நல்லா நடந்துக்கிட்டதுக்கும் உதாரணம் இருக்கு. 2019ல மைக்ரோசாஃப்ட் தன்னோட இபுக் கடைய மூடினப்போ வாங்கின புத்தகமெல்லாம் போயிடுச்சு, ஆனா முழுக் காசும் திருப்பிக் குடுத்தாங்க, அந்தப் புத்தகங்கள்ல குறிப்பு எழுதி வச்சிருந்தவங்களுக்கு மேற்கொண்டு 25 டாலர் கிரெடிட்.

இப்பல்லாம் அந்த ஒரே க்ளிக் வசதிய ஆஃப் பண்ணிட்டு வெப்சைட்ல தான் வாங்குறேன், சாட் முடிஞ்சதும் முழுப் பேச்சையும் மெயிலுக்கு அனுப்பச் சொல்லிடுவேன். தள்ளுபடி எந்த ஊரு நேரப்படி எத்தன மணிக்கு முடியுதுன்னு பக்கத்துலயே போடுங்கன்னு அந்தக் கடைக்கு ரெண்டு தடவ எழுதிட்டேன், இன்னும் போடல.