கான்வியா, கார்நார்வனா: ஒரே ஒரு கோட்டைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால்

வடக்கு வேல்ஸுக்குக் கிளம்புகிறவர்கள் கேட்கும் கேள்வி இதுதான்: கையில் ஒரு நாள் இருக்கிறது, கான்வி கோட்டைக்குப் போவதா, கார்நார்வன் கோட்டைக்குப் போவதா? இரண்டையும் ஏறி இறங்கிப் பார்த்தவன் நான். அந்தப் பக்கம் மறுபடி போக வாய்ப்பு வந்தபோது யோசிக்காமல் கான்விக்குத்தான் போனேன். அதனால் என் ஓட்டு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பொதுவான விஷயங்களைச் சீக்கிரம் முடித்துவிடலாம். இரண்டுமே இங்கிலாந்து மன்னர் முதலாம் எட்வர்ட் வேல்ஸைப் பிடித்த கையோடு 1283-ல் தொடங்கியவை. ஆல்ப்ஸ் மலைப் பக்கத்து சவாய் நாட்டிலிருந்து வந்த ஜேம்ஸ் ஆஃப் செயின்ட் ஜார்ஜ் என்ற கட்டடக் கலைஞர்தான் இரண்டுக்கும் தலைமை. இரண்டும் 1986-லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கின்றன. கான்வியில் ரயில் நிலையம் ஊர் மதிலுக்குள்ளேயே இருக்கிறது. கார்நார்வனுக்கு பாங்கர் வரை ரயிலில் போய், அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும்.

வெளியிலிருந்து பார்க்கும் கம்பீரத்தில் கார்நார்வனை அடித்துக்கொள்ள ஆளில்லை, அதை மறுக்கவே மாட்டேன். கான்வியின் கோபுரங்கள் வட்ட வடிவமானவை. கார்நார்வனிலோ பட்டை பட்டையாகச் செதுக்கிய பலகோணக் கோபுரங்கள், வெளிர் நிறச் சுவரில் ஓடும் கருத்த கல் வரிகள். கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளின் மதிலை நினைவுபடுத்தத்தான் அப்படிக் கட்டினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் பலரும் சொல்கிறார்கள். ரோமப் பேரரசின் வாரிசு நான்தான் என்று ஊருக்கு அறிவிக்க எட்வர்டுக்கு அது ஒரு வழி. பக்கத்திலேயே செகோன்டியம் என்ற பழைய ரோமானிய முகாம் வேறு இருந்தது. மூன்று சிறு கோபுரங்களைத் தலையில் சுமந்து நிற்கும் கழுகுக் கோபுரத்தை ஆற்றுக்கு அக்கரையில் நின்று பார்த்தால் கண்ணை எடுக்க மனசு வராது. தெற்குச் சுவருக்கு உள்ளேயே ஒன்றன்மேல் ஒன்றாக ஓடும் நடைவழிகளும் அருமை. 1969-ல் சார்லஸுக்கு வேல்ஸ் இளவரசர் பட்டம் சூட்டியதும் இங்கேதான்.

சரி, அப்புறம் ஏன் கான்வி? உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்பதுதான் எனக்கு முடிவைத் தீர்மானித்த விஷயம்.

கார்நார்வனின் வாசலைத் தாண்டி உள்ளே போனால் பெரும்பாலும் புல்வெளி. மண்டபமும் சமையற்கட்டும் இருந்த இடத்தில் அடித்தளக் கற்கள் மட்டும் கிடக்கின்றன. சில கட்டடங்கள் முடிக்கப்படவே இல்லை. 1330 வாக்கில் வேலையை நிறுத்தியபோது விட்டது விட்டபடியே நின்றுவிட்டது. அடுத்த சுவரோடு கோப்பதற்காக நீட்டி விட்ட கற்கள் இன்றைக்கும் சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்பதைப் பார்க்கலாம். போதாததற்கு, மேல்பகுதிகளில் நாம் பார்த்து வியப்பதில் கணிசமான பங்கு 19-ஆம் நூற்றாண்டில் செப்பனிட்டது.

கான்வி அப்படி இல்லை. 1287-க்குள், நாலைந்து கட்டுமானப் பருவங்களில், கோட்டையும் ஊர் மதிலும் சேர்த்துக் கட்டி முடித்துவிட்டார்கள். செலவு சுமார் 15,000 பவுண்டு, அந்தக் காலத்துக்கு மலைக்க வைக்கும் தொகை. வெளி முற்றத்தில் பெரிய மண்டபம் பாறையின் போக்குக்கு ஏற்ப வளைந்து கிடக்கிறது, ஏறக்குறைய 38 மீட்டர் நீளம். கிணற்றைத் தாண்டி உள் முற்றத்துக்குள் நுழைந்தால் ராஜாவும் ராணியும் தங்குவதற்கென்றே கட்டிய அறைகள். தரையும் கூரையும் போய்விட்டன, ஆனால் சுவர்கள் நிற்பதால் எது எந்த அறை என்று நாமே நடந்து நடந்து புரிந்துகொள்ள முடிகிறது. கோபுரத்துக்குள் நின்று நிமிர்ந்து பார்த்தால் மாடிக்கு மாடி கணப்படுப்புகள் அந்தரத்தில் தொங்குகின்றன, உத்தரம் செருகிய குழிகள் வரிசையாகத் தெரிகின்றன. ஒரு கோபுரத்துக்குள் ராஜ குடும்பத்துக்கான குட்டிச் சிற்றாலயம், கல் வளைவுகளோடு அப்படியே இருக்கிறது. வெளிச்சுவரில் சாரக்கட்டு செருகிய ஓட்டைகளைத் தேடிப் பாருங்கள். கோபுரத்தைச் சுற்றிச் சாய்வாக மேலேறிப் போகும். இது சவாய்ப் பக்கத்துக் கொத்தனார்களின் வழக்கம், அவர்கள் கைவேலை இன்னும் சுவரிலேயே எழுதியிருக்கிறது.

இவ்வளவு மிஞ்சியதற்கு, எனக்குத் தோன்றும் காரணம், பிற்காலத்தில் இங்கே யாரும் குடியிருக்கவில்லை என்பதுதான். வின்ட்சர், வாரிக் மாதிரி தலைமுறை தலைமுறையாக ஆள் வாழ்ந்த கோட்டைகளில் ஒவ்வொருவரும் இடித்து, மாற்றி, ஜன்னலைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். கான்வியை 1620-களின் பிற்பகுதியில் வெறும் 100 பவுண்டுக்கு விற்றார்கள். 1660-களில் கூரையின் ஈயத்தைக்கூட உருவிக்கொண்டு போனார்கள். அதற்குமேல் அதைச் சீண்டுவாரில்லை, அதனால்தான் 13-ஆம் நூற்றாண்டுத் திட்டம் பெரிதாகக் கலையாமல் நமக்குக் கிடைத்திருக்கிறது.

அழகை மட்டும் பேசிவிட்டு நகர்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. கோட்டை கட்டுவதற்காக இங்கே இருந்த அபெர்கான்வி மடத்தை எட்வர்ட் இடம் மாற்றினார். அது வேல்ஸ் மக்கள் கொண்டாடும் அரசர் மகா லெவெலின் அடக்கம் செய்யப்பட்ட மடம். வேல்ஸ்காரர்களை ஒதுக்கிவிட்டு ஆங்கிலேயரைக் குடியமர்த்தத்தான் இந்த மதில்கள் எழுந்தன. ஆங்கில ஆட்சியை எதிர்த்து ஓவைன் கிளின்டூர் என்ற வேல்ஸ் தலைவர் நடத்திய கிளர்ச்சியின்போது, 1401-ல் புனித வெள்ளியன்று, அவர் பக்கம் நின்ற டியூடர் சகோதரர்கள் சிறு படையோடு வந்து இதே கோட்டையைத் தந்திரமாகப் பிடித்தார்கள். அந்த இடத்தில் நின்று இதை நினைத்துப் பார்க்கையில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

கார்நார்வனுக்குச் சாதகமாக ஒன்று சொல்லியாக வேண்டும். அங்கே ராஜ வாசல் கட்டடத்தில் 2023-ல் லிஃப்ட் வைத்து மேல்தளம் வரை போக வழி செய்துவிட்டார்கள். கான்வியில் உச்சிக்குப் போகச் சுழல் படிக்கட்டுதான், குறுகலாகவும் செங்குத்தாகவும் இருக்கும். பெரியவர்களை அழைத்துக்கொண்டு நான் இரண்டுக்கும் போனதில்லை, ஆனால் மூட்டு வலி உள்ளவர்கள் கூட வந்தால் கார்நார்வனையே யோசிப்பேன். குளிர்கால அனுபவமும் எனக்குக் கிடையாது. மழையில் அந்தப் படிகள் வழுக்கும், அது மட்டும் நிச்சயம்.

கான்வி என்று முடிவு செய்தால் கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். ஊர் மதில் சுமார் 1.3 கிலோமீட்டர், 21 கோபுரங்கள். அதன்மேல் பெரும்பகுதி நடக்கலாம், காசு கிடையாது. கார்நார்வன் மதிலில் இந்த வசதி சொல்லிக்கொள்ளும்படி இல்லை. மில் வாசல் பக்கம் மதிலுக்கு வெளியே நின்று அண்ணாந்து பார்த்தால் வரிசையாகப் பன்னிரண்டு கழிப்பிடங்கள் நீட்டிக்கொண்டிருக்கும், அரண்மனை அலுவலர்களுக்காகக் கட்டியவை. மேல் வாசலை ஒட்டிய உயரமான மூலைக் கோபுரத்துக்கும் ஏறிவிடுங்கள், கோட்டையும் ஊரும் ஆறும் ஒரே படத்தில் அடங்குவது அங்கிருந்துதான்.