பட்டையா, ஊசியா, பாலா? முதியோர் இல்லத்து எலும்புகளுக்கு எதில் காசு போடலாம்

போன மாரிக்கு ரொறன்ரோவிலிருந்து யாழ்ப்பாணத்தில் உள்ள எங்கள் முதியோர் இல்லத்துக்கு ஒரு பெட்டி வந்தது. பிரித்தால், இரண்டு பக்கமும் தடித்த பட்டை வைத்துத் தைத்த 24 உள்ளாடைகள். விழுந்தாலும் அடியைப் பட்டை வாங்கிக்கொள்ளும், இடுப்பு எலும்புக்குப் போகாது என்பதுதான் ஏற்பாடு. அனுப்பியவரின் தாயார் எங்களிடம் இருந்தவர். ஒரு விடியற்புறம் கட்டிலடியில் விழுந்து தொடையெலும்பின் கழுத்து, அதாவது இடுப்போடு சேரும் இடம், முறிந்தது. சத்திரசிகிச்சை சரியாக நடந்தும் பழையபடி எழும்பி நடக்கவில்லை. ஆறாம் மாதம் போய்விட்டார்.

பெட்டிக்குப் பின்னால் தொலைபேசியும் வந்தது. "அண்ணை, இன்னொரு பெட்டி அனுப்பட்டோ? இல்லாட்டி வருசத்துக்கு ஒருக்காப் போடுற ஊசி இருக்காம், அதுக்குக் காசு கட்டட்டோ? ஒண்டைச் சொல்லுங்கோ."

நான் இல்லத்தின் கணக்குப் பார்க்கிறவன், வைத்தியன் அல்ல. ஆனால் காசு எங்கே போனால் எலும்பு மிஞ்சும் என்பது கணக்குக் கேள்வியும்தான். எங்களுக்கு வந்துபோகிற டொக்டரையும் பிசியோதெரபிப் பிள்ளையையும் நச்சரித்து, அவர்கள் வாசிக்கச் சொன்னதையெல்லாம் வாசித்து, இரண்டு மாதம் கழித்து எழுதிய பதிலின் விரிவு இது. கைதடியிலோ வடமராட்சியிலோ தீவகத்திலோ முதியவர்களைப் பார்க்கிறவர்களுக்கும், தாய் தகப்பனை இங்கே விட்டுவிட்டு வெளியிலிருந்து காசு அனுப்புகிறவர்களுக்கும் உதவக்கூடும். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறக்கிறார் என்பது பல நாடுகளில் கண்ட கணக்கு. இல்லங்களில் இருப்பவர்களோ அவர்களிலும் நொய்ந்தவர்கள்.

பட்டை

காகிதத்தில் பார்த்தால் பட்டைக்கு நல்ல தொடக்கம். 2000ஆம் ஆண்டு பின்லாந்தில் 1801 தளர்ந்த முதியவர்களை வைத்து நடத்திய ஆய்வில், பட்டை கொடுத்தவர்களிடம் இடுப்பு முறிவு 60 வீதம் குறைந்தது. ஏழு வருடம் கழித்து அமெரிக்காவில் 37 இல்லங்களில் புத்தியாக ஒரு சோதனை செய்தார்கள்: ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் மட்டும் பட்டை, மறுபக்கம் வெறும் துணி. பட்டை உள்ள பக்கமும் இல்லாத பக்கமும் ஒரே அளவுக்கு முறிந்தன. எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், இல்லங்களில் சிறிய அளவுக்குப் பலன் இருக்கலாம் என்ற இடத்தில் வந்து நிற்கிறது. போட்டிருந்தால்தானே காக்கும், முதியவர்கள் அதைப் போட்டிருப்பதில்லை.

எங்களிடம் அதுதான் நடந்தது. அடிக்கடி விழுகிற மூன்று பேருக்கு ஆளுக்கு நான்காக 12 கொடுத்தோம். முதல் வாரம் எல்லாரும் போட்டார்கள். பிறகு மழை பிடித்தது. ஒரு பட்டை உள்ளாடை காய இரண்டு நாள் எடுத்தது. நான்கும் மாறி மாறிக் கொடியிலேயே தொங்கின. வெயில் வந்தபோது வேர்வை. எண்பது தாண்டிய ஒரு ஆச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பிள்ளை, இதோடை ஒண்டுக்கு இருக்கேலாது" என்றார். அவருடைய விரல் மூட்டுகள் வீங்கிக் கோணியவை. இறுக்கமான துணியை இரண்டு கையாலும் கீழே இழுக்க வேண்டும், அதற்குள் அவசரம் முந்திவிடும். அந்த அவசரத்தில்தான் விழுவார்கள். காக்க வந்த துணியே விழுத்தப் பார்த்தது. அவர் கழற்றித் தலையணைக்குக் கீழே மடித்து வைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

மறதி நோயோடு ஓயாமல் உலாவும் ஒரு ஐயாவுக்கு மட்டும் அது பொருந்திவிட்டது. அவருக்குப் பராமரிப்பாளர்தான் உடுத்திவிடுகிறார். ஆகவே பட்டை எல்லாருக்குமான பதில் அல்ல. நடக்கக்கூடிய, திரும்பத் திரும்ப விழுகிற, உடுத்திவிட ஆள் உள்ள ஒருவர் இருவருக்கு மட்டும்.

குளிசையும் ஊசியும்

எலும்பை வலுப்படுத்தும் மருந்துகளைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஏற்கெனவே ஒருமுறை எலும்பு முறிந்தவருக்கு, அடுத்த முறிவைத் தடுக்கக் கையில் உள்ள பலமான ஆயுதம் அதுதான். பலன் தெரிய ஏறக்குறைய ஒரு வருடமாவது ஆகும். அவ்வளவு காலம் நம்மோடு இருப்பார் என்று டொக்டர் நினைக்கிறவருக்குக் கொடுப்பதில் அர்த்தம் உண்டு. சிக்கல் எல்லாம் கொடுக்கிற முறையில்.

அலென்ட்ரோனேற் 70 மி.கி. வாரம் ஒரு குளிசை. வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, விழுங்கிய பிறகு அரை மணி நேரம் சாயாமல் இருக்க வேண்டும். வேறொன்றும் வாயில் வைக்கக் கூடாது. கேட்கச் சுலபம். விடிய ஐந்தரைக்குத் தேத்தண்ணி கையில் வராவிட்டால் உலகமே கவிழ்ந்துவிட்டது என்று நினைக்கிறவர்களிடம் இதைச் செய்து பாருங்கள். தேத்தண்ணியோடு விழுங்கினால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. விழுங்கியதும் சரிந்து படுத்தால் உணவுக்குழாயைப் புண்ணாக்கும். நிமிர்ந்து இருக்க ஏலாதவருக்கு இந்தக் குளிசையே வேண்டாம்.

ரொறன்ரோக்காரர் கேட்ட வருடாந்த ஊசி சொலெட்ரோனிக் அமிலம், 5 மி.கி., நாளத்தில் மெதுவாக ஏற்றுவது. தேத்தண்ணிச் சண்டை இல்லை, மறதியும் தடையில்லை. ஆனால் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குக் கூடாது. எங்கள் இல்லத்தில் பாதிப்பேர் பல வருடம் சீனி வியாதியோடு வாழ்ந்தவர்கள். இரத்தப் பரிசோதனை இல்லாமல் ஒருவருக்கும் போட முடியாது. விற்றமின் டியும் கல்சியமும் குறைவாக இருக்கும்போது ஏற்றினால் இரத்தத்தில் கல்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். ஆகவே "எல்லாருக்கும் ஊசி" என்பது நல்ல மனம், பிழையான திட்டம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்குக் கீழே போடும் டெனோசுமாப் என்று இன்னொன்று. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கொடுக்கலாம் என்பார்கள், கல்சியத்தைக் கவனமாகப் பார்த்தபடி. ஆனால் நிறுத்தினாலோ தவறவிட்டாலோ பிடித்து வைத்த எலும்புத் தேய்வு ஒரேயடியாகத் திரும்புகிறது; முள்ளந்தண்டு அடுக்கடுக்காக முறியலாம். 2022இல் மருந்துக் கடைகளில் சாதாரணக் குளிசைகளுக்கே நாங்கள் வரிசையில் நின்றதை மறந்துவிட்டு, தவறவே கூடாத ஒரு ஊசியைத் தொடங்க எனக்குத் துணிவில்லை. கொழும்பில் ஒழுங்காகக் கிடைக்கிறது என்பவர்கள் தொடங்கட்டும்.

விற்றமின் டிக்கு வருவோம். "யாழ்ப்பாணத்து வெயிலில் இதுவும் குளிசையா?" என்று எங்கள் குழுவில் ஒருவர் சிரித்தார். வெயில் முற்றத்தில் இருக்கிறது, ஆச்சி விறாந்தையில் இருக்கிறார். வயது போன தோல் இளந்தோலைப்போல் அதைத் தயாரிப்பதுமில்லை. 1992இல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், இல்லங்களில் இருந்த 3270 பெண்களில் ஒரு பகுதியினருக்குத் தினமும் 800 அலகு விற்றமின் டியும் 1.2 கிராம் கல்சியமும் கொடுத்தார்கள். 18 மாதத்தில் இடுப்பு முறிவு 43 வீதம் குறைவு. வெளியில் நடமாடுகிற, குறைபாடில்லாத ஆட்களிடம் பின்னாளில் செய்த ஆய்வுகளில் இந்தப் பலன் தெரியவில்லை. குறைந்தவருக்குத்தான் அது மருந்து. இல்லத்தில் அடைந்து கிடப்பவர் பெரும்பாலும் குறைந்தவர்.

ஆனால் தினமும் கொடுக்கும் சோம்பலில் வருடத்துக்குச் சேர்த்து ஒரேயடியாகக் கொடுத்துவிடாதீர்கள். அவுஸ்திரேலியாவில் 70 வயது தாண்டிய பெண்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை 5 இலட்சம் அலகு கொடுத்துப் பார்த்தார்கள். விழுவதும் கூடியது, முறிவும் கூடியது.

பால்

நான் மனம் மாறிய இடம் இது. 2021இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வு. 60 இல்லங்கள், 7195 பேர், சராசரி வயது 86. பாதி இல்லங்களில் சமையல் பட்டியலில் பாலும் தயிரும் சீஸும் கூட்டினார்கள், வேறொன்றுமில்லை. நாளொன்றுக்குக் கல்சியம் 700 மி.கி. சொச்சத்திலிருந்து 1142 ஆகவும், புரதம் 58 கிராமிலிருந்து 69 ஆகவும் ஏறியது. இரண்டு வருடத்தில் எல்லா முறிவுகளும் 33 வீதம், இடுப்பு முறிவு 46 வீதம், விழுவது 11 வீதம் குறைந்தன. ஒரு சமையலறை செய்த வேலை இது. அங்கே இருந்தவர்களுக்கு விற்றமின் டி பொதுவாகப் போதுமான அளவு இருந்தது என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். பால் தனியாக ஓடிய ஓட்டம் அல்ல.

அதை வாசித்துவிட்டு எங்கள் குசினிக் கொப்பியைப் புரட்டினேன். பால்மா தட்டுப்பாட்டுக் காலத்தில் வெறுந்தேத்தண்ணிக்கு மாறினோம். தட்டுப்பாடு தீர்ந்தும் வெறுந்தேத்தண்ணி தீரவில்லை. இரவுக்கு இடியப்பம், சொதி. அந்தச் சொதி தேங்காய்ப்பால். வெள்ளையாக இருப்பதெல்லாம் கல்சியம் அல்ல. "எங்கட கிணத்துத் தண்ணியிலேயே சுண்ணாம்பு இருக்கே" என்றார் முன்னே சிரித்த அதே நண்பர். உண்மைதான், கேத்தல் அடியில் கல்லாகப் படிகிறதே. ஆனால் குடிப்பதற்கு இப்போது வடிகட்டிய தண்ணீரல்லவா வாங்குகிறோம், அதில் அந்தச் சுண்ணாம்பும் போய்விடுகிறது. புரதம் எந்தக் கிணற்றிலும் இல்லை.

32 பேருக்கு ஆளுக்குக் கால் லீற்றர் பசுப்பால் என்றால் நாளுக்கு 8 லீற்றர். கால் லீற்றரில் ஏறக்குறைய 300 மி.கி. கல்சியம், 8 கிராம் புரதம். மிச்சத்துக்கு முள்ளோடு மெல்லக்கூடியதாகப் பொரித்த நெத்தலி, குரக்கன் கஞ்சி, எள்ளுருண்டை, முட்டை. பால் குடித்தால் வயிறு ஊதுகிறவர்களுக்குத் தயிர். இராத்தயிருக்கு எங்கள் ஆட்கள் உடன்படமாட்டார்கள், சளி பிடிக்குமாம். வாதாடாமல் மத்தியானத்துக்கு மாற்றினோம். சிறுநீரக நோயாளிகளின் புரத அளவை மட்டும் டொக்டரிடம் கேட்டுக்கொண்டோம். மாதாமாதம் வரும் செலவு என்பதுதான் பாலின் பெரிய குறை. பெட்டியைப் போல ஒரு தடவையோடு முடியாது.

கதிரை, வெளிச்சம், இரவுக் குளிசை

விழாமல் பார்ப்பது பற்றி எல்லாரும் எல்லாம் சொல்வார்கள். நான் ஒன்றையே சொல்கிறேன். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இரண்டு இல்லங்களின் பொதுவிடங்களில் கமெரா வைத்து 227 விழுகைகளைப் பார்த்து 2013இல் எழுதினார்கள். வழுக்கியவை 3 வீதம் மட்டும். உடற்பாரத்தை ஒரு காலிலிருந்து மறுகாலுக்குச் சரியாக மாற்றாமல் விழுந்தவை 41 வீதம், தடக்குப்பட்டவை 21, பிடித்திருந்தது கைவிட்டு விழுந்தவை 11. கமெரா குளியலறையில் இல்லை. எங்கள் கிணற்றடிப் பாசியும் அந்தக் கணக்கில் இல்லை. இருந்தாலும் அந்த 11 வீதத்தை வாசித்தபோது எங்கள் வெள்ளைப் பிளாஸ்ரிக் கதிரைகள் நினைவுக்கு வந்தன.

அன்று பின்னேரம் போய் இருந்து பார்த்தேன். ஒரு ஐயா எழும்புகிறார். இரண்டு கையையும் கதிரைப் பிடியில் ஊன்றி முன்னுக்குச் சரிகிறார். கதிரையின் பின்கால் இரண்டும் நிலத்திலிருந்து கிளம்புகின்றன. அவர் நிமிர முன்னரே கதிரை பக்கவாட்டில் அரை அடி நகர்ந்துவிட்டது. பத்துத் தடவையில் ஒன்பது தடவை சமாளித்துவிடுவார். மேல்மாடியில் தூசு பிடித்துக் கிடந்த பழைய மரக் கதிரைகளை இறக்கி, சில்லறைத் திருத்தம் செய்து விறாந்தையில் போட்டோம். கட்டிலிலிருந்து மலசலகூடம் வரை கால் மட்டத்தில் சிறிய இரவு விளக்குகள். இரண்டுக்கும் சேர்த்து, அந்தப் பெட்டியின் தபால் செலவுகூட ஆகியிருக்காது என்று நினைக்கிறேன்.

டொக்டர் வந்த நாளில் எல்லாரின் குளிசைப் பையையும் மேசையில் கொட்டினோம். இருமலுக்கென்று தொடங்கி மாதக்கணக்கில் நிற்காத, தூக்கக் கலக்கம் தரும் பிரிற்றன், யாரோ எப்போதோ எழுதிய நித்திரைக் குளிசை, பின்னேரம் கொடுத்துக்கொண்டிருந்த நீர்க் குளிசை. கடைசியாகச் சொன்னதை அவர் காலைக்கு மாற்றினார். இருவர் இராத்திரியில் மலசலகூடத்துக்கு எழும்பி நடப்பது பாதியாகக் குறைந்தது. கட்டிவைப்பதும் கட்டிலுக்குக் கம்பி போடுவதும் பாதுகாப்பல்ல. கம்பிக்கு மேலால் ஏறி விழுந்தால் இன்னும் உயரத்திலிருந்து விழுவார்கள். உடற்பயிற்சி நல்லது, ஆனால் வாரம் இரண்டு நாள் வர ஒரு பிசியோ வேண்டும். எங்களுக்கு மாதம் ஒரு நாள்தான் கிடைக்கிறார், அதனால் அதை இப்போதைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

ரொறன்ரோவுக்கு எழுதிய வரிசை இதுதான்: கதிரையும் விளக்கும் எங்கள் செலவு, உங்கள் காசில் முதல் பால், கூடவே தினக்குளிசையாக விற்றமின் டி, அதற்குப் பிறகு, ஏற்கெனவே முறிந்த நால்வருக்கு இரத்தப் பரிசோதனையும் டொக்டர் சொல்கிற மருந்தும். பட்டை போதும்.

"அம்மாவின்ரை பேரிலை ஏதாவது நிக்க வேணும் அண்ணை, பாலிலை என்னெண்டு பேர் எழுதுறது?" என்று கேட்டார். குசினிச் சுவரில் எழுதலாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சம்மதித்தார், ஒரு வருடத்துக்கு.

பால்காரர் திங்கள் முதல் 8 லீற்றர் கூட்டி ஊற்றுகிறார். பெட்டியில் பிரிக்காத உள்ளாடைகள் இன்னும் 12 இருக்கின்றன. வலிகாமப் பக்கம் எந்த இல்லத்துக்காவது உண்மையிலேயே தேவை என்றால், அளவைச் சொல்லி வந்து எடுத்துப் போகலாம்.