மொட்டை மாடிக்கு எந்த மழைமானி: தானியங்கியா, கையால் அளப்பதா?

புரட்டாசி முடிகிற சமயத்தில் வருஷா வருஷம் யாராவது ஒருவர் இதைக் கேட்டுவிடுகிறார்கள். "மாடியில ஒரு வெதர் ஸ்டேஷன் வைக்கலாம்னு இருக்கேன், எது வாங்கலாம்?" மழை, காற்று, அழுத்தம், வெப்பம் எல்லாவற்றையும் அளந்து போனுக்கு அனுப்பும் தானியங்கி ஒரு பக்கம். புனலும் புட்டியும் அளவுக் குடுவையும் மட்டுமே கொண்ட கைமானி இன்னொரு பக்கம். திருவான்மியூரில், கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் எங்கள் மாடியில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்று சில பருவமழைகளைப் பார்த்தாகிவிட்டது. இன்று என் நோட்டில் மழைக் கணக்கு என்று ஏறுவது கையால் அளந்த எண் மட்டும்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கைமானியையே வாங்குங்கள்.

வானிலை ஆய்வு மையம்தான் அளக்கிறதே, நமக்கு எதற்கு என்பவர்களுக்கு 2015 டிசம்பர் 2 காலைக் கணக்கே போதும். அன்று காலை 8.30 வரையிலான 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35, தாம்பரத்தில் 49. ஒரே ராத்திரியில் ஒரே ஊரில் இவ்வளவு வித்தியாசம். உங்கள் தெருவில் எவ்வளவு பெய்தது என்பது உங்கள் மாடியில் அளந்தால்தான் தெரியும்.

விலை, வசதி பற்றி நீட்ட வேண்டியதில்லை. தானியங்கிக்குச் செலவு பல மடங்கு. பதிலுக்கு, ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கையில் இருந்தபடியே மழையைப் பார்க்கலாம். கைமானிக்குக் குடை பிடித்து மாடி ஏற வேண்டும். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அளக்கும் விதத்துக்கு வருவோம். பெரும்பாலான தானியங்கிகளில் புனலுக்குக் கீழே சீசா பலகை போல ஆடும் இரட்டைக் கிண்ணம் இருக்கும். ஒரு பக்கம் 0.2 மி.மீ. மழைக்குரிய நீர் சேர்ந்ததும் கவிழ்ந்து கொட்டிவிட்டு மறுபக்கம் நிரம்பத் தொடங்கும். எத்தனை முறை கவிழ்ந்தது என்று எண்ணினால் மழையளவு. சாதாரண மழைக்கு அருமையான ஏற்பாடு. ஆனால் நமக்கு வருவது புயல் மழை. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் கொட்டும்போது ஏழு நொடிக்கு ஒரு தடவை கவிழ்கிறது. கவிழ்கிற அந்த அரை நொடியில் மேலிருந்து விழும் நீர் ஏற்கெனவே நிரம்பிய பக்கத்திலேயே விழுந்து கணக்கில் வராமல் போய்விடும். மழை வலுக்க வலுக்க இந்த இழப்பும் கூடும். சில கருவிகள் மென்பொருளில் இதைச் சரிக்கட்டுகின்றன. என்னுடையது அப்படிச் செய்வதில்லை. அதனால் மழை அதிகமான நாட்களில்தான் அது கைமானியை விட அதிகமாகக் குறைத்துக் காட்டுகிறது.

கைமானிக்கும் ஒரு எல்லை உண்டு, கொள்ளளவு. மழை அளக்கும் அமெரிக்கத் தன்னார்வலர்கள் பயன்படுத்தும், நான்கு அங்குல வாய் கொண்ட பிளாஸ்டிக் மானி மொத்தமே சுமார் 280 மி.மீ. பிடிக்கும். 2015-இன் அந்தத் தாம்பரம் மழையில் அது நிரம்பி வழிந்திருக்கும். என்னுடைய மானியின் வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ. நம் வானிலைத் துறை மானிகளிலும் இந்த அளவு உண்டு. இதில் கணக்கு சுலபம்: 20 மில்லி நீர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. உள்ளே இருக்கும் இரண்டு லிட்டர் புட்டி 10 செ.மீ. வரை தாங்கும். தாழ்வு மண்டலம் உருவாகிவிட்டது என்ற செய்தி வந்ததும் புட்டியை எடுத்துவிட்டுப் புனலை இருபது லிட்டர் தண்ணீர் கேன் மேல் பொருத்திக் கட்டிவிடுவேன். அது 100 செ.மீ. மழைக்குப் போதும். யாரும் எதிர்பார்க்காமல் பெருமழை கொட்டிய 2021 டிசம்பர் 30 போன்ற மதியங்களும் உண்டு என்பதால் டிசம்பர் முழுக்கக் கேன்தான்.

வீட்டிலேயே செய்பவர்கள் 16 செ.மீ. உள்விட்டமுள்ள வாய் கிடைக்கிறதா என்று பாருங்கள், பரப்பு ஏறத்தாழ 200 வந்துவிடும். பைப் கடையில் 160 மி.மீ. என்று கேட்டால் தருவது வெளிவிட்டம். உள்விட்டத்தை ஸ்கேல் வைத்து அளந்துதான் கணக்குப் போட வேண்டும். 15 செ.மீ. இருந்தால் 1 மி.மீ. மழைக்கு 17.7 மில்லி. சமையலறைப் புனல் வேண்டாம். ஆழமில்லாததால் விழுந்த துளி தெறித்து வெளியே போய்விடும்.

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட சமம் என்று கூடச் சொல்லலாம். என்னைக் கைமானி பக்கம் சாய்த்தது பராமரிப்பு.

சென்னை மாடி என்றால் என்ன? கோடை முழுக்கப் புழுதி, வேப்பஞ்சருகு, புறா எச்சம், காக்கை கொண்டுவந்து போடும் எலும்புத் துண்டு. தானியங்கியின் புனல் அடியில் இருக்கும் துளை பட்டாணி அளவு கூட இருக்காது. ஒரு வருஷம் ஐப்பசியில் நல்ல மழை முடிந்த பிறகும் திரையில் மணிக்கு 2 மி.மீ. என்று தூறல் காட்டிக்கொண்டே இருந்தது. வெளியே வெயில் அடிக்கிறது. புனலைக் கழற்றினால், துளையில் குளவி மண்கூடு கட்டி, அதன் மேல் சருகுத்தூள் சேறாகப் படிந்திருந்தது. தேங்கிய நீர் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. முழுசாக அடைத்துக்கொண்டாலாவது சுழியம் என்று காட்டும், நமக்கும் தெரிந்துவிடும். பாதி அடைப்புதான் ஆபத்து. நம்பும்படியான ஒரு பொய் எண்ணைக் கொடுக்கும். கிண்ணத்தின் அச்சில் சிலந்தி நூல் சுற்றிக்கொண்டாலும் இதே கதைதான். மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

அடுத்தது உப்புக்காற்று. திறந்து சுத்தம் செய்யலாம் என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்தால் திருகுகள் துருவேறி இறுகியிருக்கும். பேட்டரி முனைகளில் பச்சை பூத்திருக்கும். காற்றுமானியின் பேரிங் மெல்ல மெல்ல இறுகி, இளங்காற்றில் சுற்றுவதையே நிறுத்திவிடும். கிண்ணம் கவிழ்வதை உணரும் சிறிய காந்த சுவிட்ச் எனக்கு ஒரு கார்த்திகையில் போனது. விற்ற இடத்தில் உதிரி பாகம் இல்லை, வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றார்கள். வந்து சேர்ந்தபோது தை பிறந்துவிட்டது. ஆண்டு மழையில் பாதிக்கும் மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் பெய்துவிடும் ஊரில், அந்த மூன்று மாதத்தில் கருவி ஓய்ந்தால் அந்த ஆண்டின் பதிவே போனது மாதிரிதான்.

கைமானிக்கு என்ன வேலை? பாட்டில் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. புனலில் சருகு கிடந்தால் கண்ணெதிரே தெரியும். அளவுக் குடுவை உடைந்தால் பாரிமுனையில் வேறு வாங்கிக்கொள்ளலாம். தினமும் காலை 8.30-க்குக் காலி செய்துவிடுவதால் கொசுப் புழுவுக்கும் வாய்ப்பில்லை. மாநகராட்சி ஆட்கள் மாடியைப் பார்க்க வந்தாலும் கவலையில்லை.

அந்த 8.30 ஒழுங்குதான் கைமானியின் உண்மையான விலை. நுங்கம்பாக்கம் கணக்கோடு ஒப்பிட வேண்டுமானால் அதே நேரத்தில் அளந்தாக வேண்டும். ஊருக்குப் போகும் நாட்களில் கீழ்வீட்டு அக்கா பார்த்துச் சொல்வார். "தம்பி, எண்பத்து நாலு மில்லி வந்திருக்கு. இருபதால வகுக்கணும்தானே?" 4.2 மி.மீ. சொல்லிக்கொடுக்கக் கால் மணி நேரம் கூட ஆகவில்லை. அப்படி ஒருவர் இல்லாத வீட்டுக்குத் தானியங்கிதான் சரி, இதில் வாதாட ஒன்றுமில்லை.

தானியங்கி கெட்டிக்காரன் ஆவது அழுத்தத்தில். புயல் நெருங்கும்போது பாரமானி இறங்குவதை நிமிஷத்துக்கு நிமிஷம் பார்ப்பதற்கு ஈடாக எதுவும் இல்லை. புதிதாக வாங்கியவர்கள் ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். நம் பக்கத்தில் தினமும் காலை பத்து மணி வாக்கில் அழுத்தம் ஏறி, மாலை நாலு மணி வாக்கில் மூன்று, நான்கு மில்லிபார் இறங்கும். அது புயல் அல்ல. நேற்று இதே நேரத்தில் என்ன இருந்தது என்று பார்த்து, அதைவிட எவ்வளவு குறைவு என்று கணக்கிட வேண்டும். ராத்திரி எந்த மேகப்பட்டை எத்தனை மணிக்கு வந்தது என்பதைத் சென்னைத் துறைமுகத்து வானிலை ரேடார் படத்தோடு ஒத்துப்பார்க்கவும் தானியங்கிதான் வேண்டும். காற்றின் வேகத்தை நான் பெரிதாக நம்புவதில்லை. கைப்பிடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் அதைக் கலைத்துவிடும். மின்சாரம் பற்றியும் யோசிக்க வேண்டும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா கரையைக் கடந்த பிறகு பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. வைஃபை போனால் போனுக்கு வரும் எண்ணும் போகும்.

எந்த மானியானாலும் மாடியின் நடுவில், தொட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். பலத்த காற்றில் மாடி மானி தரையில் இருப்பதை விடக் குறைவாகவே பிடிக்கும். இரண்டுக்கும் அது பொது.

இப்போது துளி விழும் அதிர்வை வைத்தே அளக்கும், அசையும் பாகமே இல்லாத வகையும் வந்திருக்கிறது. மேடவாக்கத்தில் ஒரு நண்பர் வீட்டில் பார்த்ததோடு சரி. அடைப்புப் பிரச்சினை இல்லை என்பது பெரிய ஆறுதல். பலத்த காற்றின் அதிர்வை மழையாக எண்ணாமல் இருக்குமா, சில வருஷ உப்புக்காற்றைத் தாங்குமா என்று என் மாடியில் வைத்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆவடி, அம்பத்தூர் போலக் கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்களுக்கு நான் சொன்ன துருப் பிரச்சினை இவ்வளவு கடுமையாக இருக்காது என்றும் நினைக்கிறேன்.

இரண்டுமே வாங்க வசதி இருந்தால் வாங்குங்கள். மாதக் கடைசியில் தானியங்கியின் மொத்தத்தைக் கைமானியின் மொத்தத்தால் வகுத்து எழுதி வையுங்கள். எனக்கு வழக்கமாக 0.9-ஐ ஒட்டி வரும். சட்டென்று 0.7-க்கு இறங்கினால் அடுத்த மழைக்கு முன்னால் புனலைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.